முதலில் எந்தக் காணி?

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரயில் பளையைத் தாண்டியதும், சன்னலோரம் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தி வெளியே பார்ப்பார்கள். தலையிழந்து நின்ற தென்னைகள், பற்றைக்காடு, அதன் விளிம்பில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. முகமாலை. 2014 மார்ச்சில் ரயில் பளைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வளவு வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காகத் தங்கள் கிணற்றுக்கட்டைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ரயில் போகலாம், வீட்டுக்காரர் போக முடியாது. அந்த வரிசையை யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தீர்மானத்தைப் பற்றியது.

மிதிவெடி அகற்றலைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. அதிகாரிகள் சொல்கிறார்கள், பொறியியலாளர்கள் சொல்கிறார்கள், தொண்டு நிறுவனங்களின் அறிக்கை மொழி கேட்டுச் சலித்துப்போன நம் நண்பர்களும் சொல்கிறார்கள். மிதிவெடி அகற்றுவது ஒரு தொழில்நுட்ப வேலை, மண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுத்தால் முடிந்தது, அதற்குள் அபிவிருத்தி, சமாதானம், பால்நிலைச் சமத்துவம் என்று ஏன் கலக்கிறீர்கள், வெடிக்கு ஆண் பெண் தெரியுமா என்பதே அந்தக் கருத்து. கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. கொடையாளர் நாடுகளைத் திருப்திப்படுத்த எழுதப்படும் அறிக்கைகளில் இந்தச் சொற்கள் உப்புச் சப்பில்லாமல் அடுக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை. எனக்கும் வரும். ஆனால் எரிச்சல் நியாயமானது என்பதற்காக அதிலிருந்து எடுக்கும் முடிவும் நியாயமாகிவிடாது. இந்த முடிவு தவறு. அதனால் இழப்பவர்கள் யார் என்று பார்த்தால் தவறு என்பதைவிடக் கடுமையான சொல்தான் பொருந்தும்.

தொழில்நுட்பத்திலிருந்தே தொடங்குவோம். நிலத்தில் முதலில் இறங்குவது உலோகம் தேடும் கருவி என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இறங்குகிறது. எங்கே வெடி இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. படைத்தரப்பின் வரைபடங்கள் சில இடங்களைக் காட்டும். மிச்சத்தை ஊர்வாய்தான் சொல்லவேண்டும். அளவைக் குழு ஊருக்குள் வந்து விசாரிக்கிறது: எங்கே மாடு செத்தது, எங்கே சத்தம் கேட்டது, எந்தப் பனங்கூடலுக்குள் யாரும் போவதில்லை? யாரிடம் கேட்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. நான்கு ஆண்கள் வாகனத்தில் வந்து சந்திக் கடையில் இறங்கினால் அங்கே நிற்கும் ஆண்களிடம் பேசுவார்கள். அவர்கள் வீதியைச் சொல்வார்கள், வயலைச் சொல்வார்கள், குளக்கட்டைச் சொல்வார்கள். விறகு பொறுக்கும் ஒற்றையடிப் பாதை, ஆடு மேய்க்கும் தரவை, ஓலை எடுக்கப் போகும் பனைக்கரை ஆகியவை பெண்களின் தலைக்குள் இருக்கும் வரைபடம். நம் வீடுகளில் அந்நிய ஆண்கள் வந்து கேட்டால் குடும்பத்தலைவன் முற்றத்தில் நின்று பதில் சொல்வான், அவள் கதவு நிலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் சொல்லாத இடம் வரைபடத்தில் ஏறாது. வரைபடத்தில் ஏறாத இடத்தில் கருவி சத்தமிடாது. அளவைக் குழுவில் பெண்கள் வேண்டும் என்று கேட்பதை அலங்காரம் என்பவர்கள், தங்கள் தொழில்நுட்பத்தின் முதல் படியே அரைகுறையாய் இருப்பதைக் கவனிக்கவில்லை.

அடுத்து அவர்கள் எடுத்துவைக்கும் வலுவான வாதம் ஒன்று. உலகெங்கும் பதிவாகும் மிதிவெடிப் பலிகளில், ஆணா பெண்ணா என்று தெரிந்தவற்றில் மிகப் பெரும்பான்மை ஆண்களும் ஆண்பிள்ளைகளுமே. அப்படியானால் பெண்களைப் பற்றி ஏன் பேச்சு? இந்தப் புள்ளிவிவரம் உண்மை. இதை நான் மறுக்கவில்லை, இதையே பிடித்துக்கொள்கிறேன். ஏன் ஆண்கள்? வெடிக்கு ஆண் பெண் தெரியாது என்றால் பலி பாதிக்குப் பாதியாக அல்லவா இருக்கவேண்டும்? வெடிக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். காடு ஏறுவது, மாடு தேடிப் போவது, பழைய இரும்பு பொறுக்குவது எல்லாம் ஆணின் வேலை என்று ஊர் பங்குபோட்டு வைத்திருக்கிறது. போர் முடிந்த பிறகு வன்னியில் இரும்புக்கு விலை இருந்தது, கூலிக்கு வேலை இல்லை. பற்றைக்குள் கிடக்கும் தகரமும் செப்பும் எடைபோட்டால் அன்றைய அரிசிக்குக் காசு. சிவப்புப் பலகை என்ன சொல்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே போகிறான். அபாயக் கல்வி வகுப்பு இன்னும் பத்து நடத்தினாலும் போவான். அவனை நிறுத்தக்கூடியது வேறொரு வருமானம் மட்டுமே. அந்த ஒரு வெடிப்புக்குள் வறுமையும் இருக்கிறது, பால்நிலையும் இருக்கிறது. காலை இழந்து அவன் வீடு திரும்பியதும் வீட்டின் முழுச் சுமையும் யார் தலையில் ஏறுகிறது என்பதை எந்தப் பலிப் பட்டியலும் எழுதுவதில்லை. அவள் காயப்படவில்லை, ஆகவே கணக்கில் இல்லை.

எந்த நிலத்தை முதலில் சுத்தம் செய்வது என்பதாவது தொழில்நுட்பக் கேள்வியா? மொசாம்பிக் நாட்டில் உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தது. கண்ணிவெடியற்ற நாடாக அது தன்னை அறிவித்தது 2015இல். கியோவெல்லி, மிக்கலோபுலோஸ், பாப்பயோவானு என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த நாட்டின் அகற்றல் வரலாற்றை இடம் இடமாகத் தொகுத்து ஆராய்ந்தார்கள். வீதிகளும் ரயில் பாதைகளும் சந்தை நகரங்களும் விடுபட்டபோது பொருளாதாரம் வலுவாக எழுந்தது, அதன் பயன் அயல் மாவட்டங்களுக்கும் பரவியது, தனித்துக் கிடந்த கிராமப்புற நிலங்களில் விளைவு குறைவாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. தொழில்நுட்பம் மட்டுமே என்போருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. ஒரே கருவி, ஒரே பயிற்சி, ஒரே வெடி. வரிசை மாறினால் ஒரு நாட்டின் கதையே மாறுகிறது. அபிவிருத்தியைக் கலக்காதே என்றால், வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு போடு என்றுதான் பொருள்.

ஆனால் அந்த ஆய்வோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பொருளாதாரம் எழுந்ததா இல்லையா என்று அவர்கள் அளந்தது இரவு வெளிச்சத்தைக் கொண்டு. செய்மதி இரவில் எடுத்த படங்களில் எந்த இடம் பிரகாசமாக இருக்கிறது என்பதே அளவுகோல். பரந்த நாட்டுக்கு, புள்ளிவிவரம் இல்லாத காலத்துக்கு, அது கெட்டிக்கார வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பளையில் ஒரு பெண் இரண்டு பரப்புக் காணியில் மிளகாயும் கச்சானும் போட்டு, அதில் வந்த காசில் பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து வாங்கினால், செய்மதியின் கண்ணுக்கு அந்தத் தோட்டம் இருட்டுத்தான். வீதியும் ரயிலும் முதலில் என்ற வரிசையை நாமும் 2009க்குப் பிறகு கடைப்பிடித்தோம். சன்னலோரப் பயணிகள் பார்த்தது அதன் விளைவை. வீதி திறந்ததைக் குறைசொல்லவில்லை, வீதி இல்லாமல் மிளகாய் சந்தைக்குப் போகாது. தோட்டம் எப்போது என்ற கேள்வியைக் கேட்க யாரும் மேசையில் இல்லை என்பதே என் குறை. அபிவிருத்தி என்று மட்டும் சொல்லிவிட்டால் போதாது, யாருடைய அபிவிருத்தி என்று கேட்கவேண்டும். பால்நிலை என்ற சொல் அங்கேதான் வேலை செய்கிறது.

இனி, சுத்தமான காணியை யாரிடம் கொடுப்பது? நிறுவனம் வேலை முடிந்தது என்று அறிவிக்கும், சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் எழுதப்படும், மாவட்டச் செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து பிரதேச செயலகம், கிராம சேவகர், கடைசியில் உரித்தாளர். உரித்தாளர் என்ற அந்தக் கடைசிச் சொல்லில் வந்து நிற்கிறது முழுச் சிக்கலும். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களின் காணிகளில் பெரும்பகுதி அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அவற்றை ஆள்வது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உரித்தாளர் வாரிசு எழுதிவைக்காமல் இறந்தால் யாருக்குப் போகும் என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது: மகள்மாருக்கு முன்னால் மகன்மார், பேத்திமாருக்கு முன்னால் பேரன்மார். கணவனை இழந்தவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போகும். இந்த ஆண் முன்னுரிமையை நீக்கும் திருத்தம் வந்தது 2022இல். அதாவது போர் முடிந்து 13 ஆண்டுகள் காணிகள் விடுவிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் பழைய அட்டவணையே உயிரோடு இருந்தது. யாழ்ப்பாணப் பக்கம் தேசவழமைச் சட்டம். அதன்படி மணமான பெண் தன் சீதனக் காணியையே விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போனவன் என்றால் யார் எழுதித்தருவது? இறந்தான் என்று பதிய அவள் மனம் ஒப்பாது. இருக்கிறான் என்று காட்டவும் வழியில்லை. காணாமற்போனவர் என்றே பதிவு செய்து சான்றிதழ் தரும் ஏற்பாடு சட்டமானது 2016இல்தான்.

2010இல் அரசின் துணை அமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கில் வடக்கிலும் கிழக்கிலும் 89,000 பெண்கள் கணவனை இழந்தவர்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நிர்வாக மொழியில் ஒரு பெயரும் வைத்துவிட்டோம். இத்தனை பேர் வாழும் மண்ணில், சான்றிதழை உரித்தாளரிடம் கொடு, அவ்வளவுதான் என்றால், மாமனார் பெயரிலோ கணவனின் அண்ணன் பெயரிலோ எங்கோ ஒரு காகிதம் இருக்கும் ஆணிடம் கொடு என்று சொன்னதாகவே ஆகும். பால்நிலையைக் கலக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலந்தே இருக்கிறது, ஆண் பக்கமாக. முப்பது ஆண்டு ஆள் புழங்காத வளவில் மரம் வளர்ந்துவிட்டால் அரச வரைபடம் அதைக் காடு என்று குறித்துவிடும் இன்னொரு கதையும் வன்னியில் உண்டு. அதை மீட்கும் வழக்குக்கு நடக்கவும் செலவழிக்கவும் பெண் தனியாளாக எத்தனை நாள் கூலியை விடுவாள்?

சமாதானத்தைக் கலக்காதே என்பது இந்தக் கருத்தின் மூன்றாவது கால். இதற்குப் பதில் முகமாலை மண்ணிலேயே எழுதியிருக்கிறது. 2002 பெப்ரவரியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. இரு பக்கத்திலும் மிதிவெடி அகற்றும் வேலை தொடங்கியது. வடக்கின் மணல்நிலத்துக்கு ஏற்றபடி ரேக் என்ற வாரியால் மண்ணை மெல்ல வாரிப் பார்க்கும் முறையும் வேர்விட்டது. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. 2006 ஆகஸ்ட் 11 அன்று அதே வீதி அதே முகமாலையில் மூடியது. அதன்பின் 2009வரை இரு தரப்பும் மண் அணைக்கு முன்னால் மறுபடி வெடிகளை விதைத்தன. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உடலில் ஊசியளவு உலோகம் வைத்த தொழிற்சாலைத் தயாரிப்பு, இன்னொரு பக்கம் மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடி. உலகில் மிக நெருக்கமாக வெடி விதைத்த நிலங்களில் ஒன்றாக முகமாலை ஆனது அப்படித்தான். வாரிக்கும் கருவிக்கும் அகற்றத் தெரியும், மறுபடி புதைக்காமல் தடுக்கத் தெரியாது. தடுக்கக்கூடியது அரசியல் முடிவு. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா சமவாயத்தில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். 1999இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் அதற்கு 18 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்திருக்கிறோம். அப்படிச் சேர்ந்ததும், அதன் பிறகு கையிருப்பை அழித்ததும், எந்த வாரியும் செய்ய முடியாத அளவு மிதிவெடி அகற்றும் வேலை.

முதலில் சமாதானம் வரட்டும், பிறகு அகற்றுவோம் என்பதும் சரியில்லை. கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் பேச்சுவார்த்தையில் இருந்தபோதே, இருதரப்புப் போர்நிறுத்தம் கையெழுத்தாகும் முன்பே, 2015 மார்ச்சில் கூட்டாகக் கண்ணிவெடி அகற்ற ஒப்புக்கொண்டார்கள். அந்தியோக்கியா மாநிலத்தில் எல் ஒரெஹோன் என்ற சிறிய மலைக்கிராமத்தில் முதல் வேலை தொடங்கியது. புதைத்தவர்களின் ஆட்களும் அதில் கால் இழந்த படையின் ஆட்களும் ஒரே சரிவில் நின்றார்கள். இறுதி உடன்படிக்கை வந்தது 2016 நவம்பரில். அங்கே அகற்றல் சமாதானத்துக்காகக் காத்திருக்கவில்லை, சமாதானத்தின் ஒத்திகையாக இருந்தது.

வெடி போனால் காணி கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் பிலக்குடியிருப்பு என்ற ஊரை நினைத்துப் பார்க்கட்டும். 2017 ஜனவரி 31 அன்று பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை முகாமின் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மழையும் பனியும் பாராமல் வீதியோரம் படுத்தார்கள். மார்ச் 1 அன்று காணி திரும்பக் கிடைத்தது. அங்கே அவர்களைத் தடுத்தது மிதிவெடி அன்று, முள்வேலி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இரணைதீவு மக்கள் படகேறித் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள், முன்னால் நின்றவர்களில் பெண்கள் பலர். காணிக்குத் திரும்பும் வழியில் பல பூட்டுகள் உண்டு. மிதிவெடி அவற்றில் ஒன்று. ஒரு பூட்டைத் திறந்துவிட்டுக் கதவு திறந்தது என்று அறிக்கை எழுதுவதை ஏற்க முடியாது.

பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறோமே, அது சமத்துவம் இல்லையா என்று கேட்பார்கள். முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் அணிந்த பெண் மணலில் முழங்காலிட்டிருக்கும் படம் எல்லா அறிக்கையின் அட்டையிலும் இருக்கிறது. வடக்கில் நூற்றுக்கணக்கான பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். பலர் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். அவர்களின் துணிவை ஒரு சொல்லாலும் குறைக்கமாட்டேன். ஒரு மீற்றர் அகல ஒழுங்கைக்குள், காலை முதல் வெயிலில், விரல்நுனியில் உயிரை வைத்து வேலை செய்து, மாதம் தவறாமல் சம்பளம் வாங்கி, நுண்கடன்காரரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள். ஆனால் இந்த வேலைக்கு ஒரு விசித்திரம் உண்டு. எவ்வளவு நன்றாகச் செய்கிறார்களோ அவ்வளவு விரைவாக வேலை இல்லாமல் போகும். சமவாயப்படி இலங்கைக்கு உள்ள காலக்கெடு 2028 யூன் 1. கடைசி வெடி எடுத்த மறுநாள் இவர்கள் எங்கே போவார்கள்? 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது உலகெங்கும் கண்ணிவெடி அகற்றும் திட்டங்களையும் நிறுத்தச் சொன்னது. இந்தச் சம்பளம் எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை அந்த ஒரு உத்தரவு காட்டிவிட்டது. பதினைந்து ஆண்டு ஒழுங்கும் முதலுதவிப் பயிற்சியும் நில அளவை அறிவும் உள்ள பெண்ணை மீண்டும் கூலித் தோட்டத்துக்கு அனுப்புவதற்கு நம்மிடம் திட்டம் தேவையில்லை, அது தானாக நடக்கும். வேறொன்று நடக்கவேண்டுமென்றால் இப்போதே திட்டம் வேண்டும். தொழில்நுட்பம் மட்டுமே என்ற கண்ணுக்கு அந்தப் பெண் ஒரு கருவி, வேலை முடிந்ததும் மடித்து வைக்கலாம்.

முகமாலையில் இன்னொன்றும் உண்டு. 2020 மே மாதம் வெடி தேடித் தோண்டிய இடத்தில் மனித எலும்புகளும் பெண் போராளிகளின் சீருடைத் துணியும் வெளிப்பட்டன. அந்த மண்ணைத் தோண்டும் கைகளுக்குச் சொந்தக்காரிகளில் அண்ணனையோ அக்காவையோ போரில் தொலைத்தவர்கள் இருப்பார்கள். வெடி கிடைத்தால் என்ன செய்வதென்று கைநூலில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எலும்பு கிடைத்தால் அது நீதிமன்றத்தின் வேலை, வேறு துறையின் வேலை, நம் வேலை இல்லை என்றுதான் கலக்காதே என்ற கருத்து சொல்லும். ஒரே குழியில் கிடந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்தால் ஒன்றும் நடக்காது, பணம் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் கரைந்துபோகும் என்ற அச்சம் உண்மையானது. அதனால் நான் கேட்பது பெரிய சொற்கள் அல்ல. அளவைக்கு வரும் குழுவில் பாதிப்பேர் பெண்கள். எந்தக் காணி முதலில் என்ற பட்டியலை முடிவுசெய்யும் முன் அந்த ஊரின் பெண்களோடு ஒரு முழு மாலை. வெடி அகற்றத் தொடங்கும் அதே நாளில் அந்தக் காணியின் உரிமைச் சிக்கலையும் பிரதேச செயலகம் கையில் எடுப்பது, முடிந்த பிறகு அல்ல. வேலையிலுள்ள பெண்களுக்கு 2028க்குப் பிறகான வேலை எது என்று இன்றே எழுதிய திட்டம். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு இயந்திரத்தின் விலைகூட இராது.

அடுத்த முறை பளைப் பக்கம் காணி கையளிப்பு என்று கேள்விப்பட்டால் போய் நின்று பாருங்கள். தகரப்பந்தல் போட்டிருப்பார்கள், கதிரைகள் இருக்கும், அதிகாரிகள் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை சதுர மீற்றர், எத்தனை வெடி என்று எழுதியிருக்கும். யாருடைய பெயருக்கு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், பிறகு வேலிக்கு வெளியே கத்தியும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பற்றை வெட்ட வந்து நிற்பவளிடம் அவள் பெயரைக் கேளுங்கள்.